கையெழுத்துக்குப் பின்: தவணை தவறிய சமரசங்களும் நிறைவேற்று மனுவும்

1. கேள்வி

கடன் வழக்கு ஒன்று சமரசத்தில் முடிந்ததும் நீதிமன்றப் பதிவேட்டில் அது தீர்வான வழக்காக ஏறிவிடுகிறது. கடன் கொடுத்தவர் அப்போதுதான் முதல் தவணைக்குக் காத்திருக்கத் தொடங்குகிறார். நாலைந்து தவணை ஒழுங்காக வரும். பிறகு ஒரு மாதம் தள்ளிப்போகும், அடுத்த மாதம் தொலைபேசியை எடுக்க மாட்டார்கள். வக்கீலிடம் போனால் "இ.பி. போட வேண்டும்" என்பார், அதாவது நிறைவேற்று மனு. சண்டை வேண்டாம் என்று தொகையைக் குறைத்து, தவணைக்கும் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டவர், மறுபடி முதல் படியிலிருந்து ஏற வேண்டியிருக்கிறது.

தீர்ப்பாணையை நிறைவேற்றுவதில் உள்ள தாமதம் புதிய செய்தியன்று. இந்தியாவில் வழக்காடியின் தொல்லை தீர்ப்பாணை கிடைத்த பிறகே தொடங்குகிறது என்ற கருத்தைப் பிரிவி கவுன்சில் 1872இல், தர்பங்கா ராஜ் சம்பந்தப்பட்ட வழக்கில் சொன்னது. இதைப் பற்றிப் பேசும் எல்லோரும் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். 2021இல் உச்ச நீதிமன்றம், நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்றது. 2025 மார்ச்சில், தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு நில வழக்கில், நாடெங்கும் நிலுவையிலுள்ள நிறைவேற்று மனுக்களைக் கணக்கெடுத்து ஆறு மாதத்தில் முடிக்கும்படி உயர் நீதிமன்றங்களுக்கு உத்தரவிட்டது. அக்டோபரில் கணக்கு வந்தபோது நிலுவை 8,82,578. தமிழ்நாட்டில் மட்டும் 86 ஆயிரத்துக்கும் மேல்.

இந்தப் பேச்சிலும் கணக்கிலும் ஒரு வேறுபாடு விடுபட்டுவிடுகிறது. போராடி வென்றவரின் தீர்ப்பாணையும் விட்டுக்கொடுத்துப் பெற்றவரின் தீர்ப்பாணையும் ஒரே எண்ணுக்குள் அடங்கிக் கிடக்கின்றன. முதலாமவர் எதையும் இழக்காமல் வரிசையில் நிற்கிறார். இரண்டாமவர் தொகையில் ஒரு பகுதியையும், மேல்முறையீட்டு உரிமையையும், செக் வழக்காக இருந்தால் எதிராளிக்கு இருந்த சிறைப் பயத்தையும் கொடுத்துவிட்டு அதே வரிசைக்கு வருகிறார். சமரசத்தை ஊக்குவிக்கும் நம் நீதி முறை, சமரசம் முறிந்தவரை வழக்காடி வென்றவரைவிட மோசமான நிலையில் நிறுத்துகிறதா? இக்கட்டுரை ஆராய்வது இதைத்தான். ஆம் என்பதே என் முடிவு. ஆனால் அதற்கான காரணங்கள் பெரும்பாலும் நிறைவேற்றும் கட்டத்தில் இல்லை, சமரசம் எழுதப்படும் கட்டத்திலேயே இருக்கின்றன.

2. எழுத்து எந்த வழியாக வந்தது

எழுத்து மூலமான சமரசம் எல்லாவற்றுக்கும் ஒரே பலம் இல்லை. இரு தரப்பும் முத்திரைத் தாளில் எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்கி, நோட்டரியிடம் முத்திரை குத்திக்கொண்டால் அது ஒப்பந்தம் மட்டுமே. தவணை தவறினால் நிறைவேற்று மனுவுக்கு வழியில்லை, புதிதாகத் தாவா போட வேண்டும். காலவரையறை பொதுவாக மூன்று ஆண்டு. எழுத்து மூலமான, தொகை திட்டமான கடன் என்பதால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 37இன்படி சுருக்க விசாரணை கேட்கலாம். அதில் பிரதிவாதி பத்து நாளில் ஆஜராகி, எதிர்வாதம் செய்ய நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற வேண்டும். இந்த வசதி இருந்தும் சாதாரணத் தாவாவாகவே பல வழக்குகள் போடப்படுகின்றன.

இவ்வகை எழுத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒப்பந்தச் சட்டத்தின் 62ஆம் பிரிவுப்படி, பழைய ஒப்பந்தத்துக்குப் பதில் புதியதை ஏற்றுக்கொண்டால் பழையதை நிறைவேற்ற வேண்டியதில்லை. ஒன்பது லட்சத்துக்கு ஆறு லட்சம் போதும் என்று எழுதிக்கொடுத்தவர், ஆறு லட்சமும் வராதபோது ஒன்பது லட்சத்துக்கு வழக்குப் போட முடியுமா? பணம் வந்து சேர்ந்தால்தான் பழைய கடன் தீரும் என்று எழுதியிருந்தால் முடியும். தருகிறேன் என்ற வாக்குறுதியையே கடன் தீர்வாக ஏற்றதுபோல எழுதியிருந்தால் முடியாது. காவல் நிலையத்தில் உட்காரவைத்து எழுதி வாங்கிய தாளுக்கு இதைவிடவும் பலம் குறைவு. மிரட்டி வாங்கினார்கள் என்ற எதிர்வாதம் முதல் வாய்தாவிலேயே வந்துவிடும்.

வழக்கு நடக்கும்போது செய்யும் சமரசம் வேறு வகை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 23 விதி 3, சமரசம் எழுத்தில் இருக்க வேண்டும், தரப்பினர் கையெழுத்திட வேண்டும் என்கிறது. நீதிமன்றம் அதை ஏற்றுத் தீர்ப்பாணை இட்டால் மேல்முறையீடு கிடையாது (பிரிவு 96(3)). சமரசம் சட்டப்படி செல்லாது என்று தனித் தாவா போடவும் தடை உண்டு (விதி 3ஏ). மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தால், 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி அந்த முடிவே உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். செலுத்திய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். மெட்ராஸ் உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005இல் தொடங்கி, நாட்டில் நீதிமன்றத்தோடு இணைந்த முதல் மையமாகக் கருதப்படும் சமரச மையத்திலோ, அதைப் பின்பற்றி மாவட்டங்களில் வந்தவற்றிலோ எழுதும் உடன்பாடு அப்படித் தானாகத் தீர்ப்பாணை ஆகிவிடாது. அதை வழக்கு நடக்கும் நீதிமன்றத்தின் முன் வைத்துத் தீர்ப்பாணை பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் அஃப்கான்ஸ் வழக்கில் தெளிவாக்கியது. வணிக நீதிமன்றங்கள் சட்டத்தின் 12ஏ பிரிவில், வழக்குக்கு முன்பே செய்துகொள்ளும் சமரசத்துக்கு நடுவர் தீர்ப்பின் தகுதி கொடுக்கப்பட்டிருக்கிறது.

ஆக, சொல் மாறாத ஒரே உடன்பாடு, எழுதப்பட்ட இடத்தைப் பொறுத்து நாலைந்து விதமான சட்டப் பலம் பெறுகிறது. கையெழுத்திடும் மனிதருக்கு இதை யாரும் விளக்குவதில்லை.

3. தவறினால் என்ன என்ற ஷரத்து

சமரசத்தின் உயிர் இந்த ஒரு ஷரத்தில் இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். ஈரோட்டில் ஒரு நூல் வியாபாரிக்கு விசைத்தறி உரிமையாளர் ஒன்பது லட்சம் பாக்கி. ஆறு லட்சத்துக்குச் சமரசம். மாதம் ஐம்பதாயிரம் வீதம் பன்னிரண்டு தவணை. நான்கு தவணை வந்துவிட்டது, ஐந்தாவது வரவில்லை.

சமரசத்தில் தொகையும் தேதியும் மட்டுமே எழுதியிருந்தால், வியாபாரி அன்றைக்கு வசூலிக்கக் கூடியது அந்த ஐம்பதாயிரத்தை மட்டும். அடுத்த தவணை தவறிய பிறகு அடுத்த ஐம்பதாயிரம். "ஏதேனும் ஒரு தவணை தவறினாலும் மீதித் தொகை முழுவதும் உடனே செலுத்தத்தக்கது" என்ற ஒரு வரி இருந்தால் மீதி நான்கு லட்சத்துக்கும் சேர்த்து மனுப் போடலாம்.

இனி அந்த மூன்று லட்சத் தள்ளுபடி. இதை இரண்டு விதமாக எழுதலாம். முதல் விதம்: பிரதிவாதி ஒன்பது லட்சம் பாக்கி என்று ஒப்புக்கொள்கிறார், அந்தத் தொகைக்கே தீர்ப்பாணை, ஆனால் ஆறு லட்சத்தைக் கெடுவுக்குள் கட்டினால் முழுத் திருப்தியாக ஏற்கப்படும். இரண்டாம் விதம்: ஆறு லட்சத்துக்குத் தீர்ப்பாணை; தவணை தவறினால் ஒன்பது லட்சம் கட்ட வேண்டும். பார்வைக்கு இரண்டும் ஒன்று. சட்டத்தின் கண்ணில் முதலாவது சலுகை, நிபந்தனை தவறியதால் சலுகை போயிற்று. இரண்டாவது, ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு சொல்லும் தண்டமாகப் பார்க்கப்படலாம். தண்டம் என்றால் நீதிமன்றம் நியாயமான அளவுக்கு மேல் தராது. சமரசத் தீர்ப்பாணைகளில் இந்தச் சலுகை–தண்ட வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் 1993இல் விளக்கியிருக்கிறது. முதல் விதமாக எழுதியிருந்தால் ஈரோட்டு வியாபாரி ஏழு லட்சத்துக்கு மனுப் போடலாம். இரண்டாம் விதமாக எழுதியிருந்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 47ஆம் பிரிவின் கீழ் ஆட்சேபம் கிளம்பி, ஷரத்தின் பொருள் என்ன என்ற விசாரணையிலேயே இரண்டு ஆண்டு போகலாம்.

வட்டி இன்னும் கூர்மையானது. அதே நடைமுறைச் சட்டத்தின் 34ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, தீர்ப்பாணைத் தேதிக்குப் பிந்தைய வட்டி பற்றித் தீர்ப்பாணை மௌனமாக இருந்தால் நீதிமன்றம் அதை மறுத்துவிட்டதாகவே கொள்ள வேண்டும், அதற்காகத் தனித் தாவாவும் போட முடியாது என்கிறது. நிறைவேற்றும் நீதிமன்றம் தீர்ப்பாணைக்கு அப்பால் போகக் கூடாது என்பதால், சமரசத்தில் எழுதாத வட்டியை யாராலும் பிறகு சேர்க்க இயலாது. தாமதம் ஐந்து ஆண்டு நீண்டால் அத்தனை ஆண்டுக்கும் கடனாளிக்கு வட்டியில்லாக் கடன். மனம் நோகாமல் முடியட்டும் என்று வட்டியைப் பேசாமல் விடும் சமரசங்கள் இந்த இடத்தில் கடன் கொடுத்தவரைக் கைவிடுகின்றன.

காலவரையறை ஓரளவு ஆறுதல். காலவரையறைச் சட்டத்தின் 136ஆம் இனத்தின்படி நிறைவேற்றப் பன்னிரண்டு ஆண்டு உண்டு; தவணைத் தீர்ப்பாணையில் அந்தந்தத் தவணை தவறிய நாளிலிருந்து கணக்கு. ஆனால் முழுத் தொகையும் உடனே என்ற ஷரத்தை ஒருமுறை பயன்படுத்தாமல் விட்டுக்கொடுத்தால் காலம் எப்போது ஓடத் தொடங்கும்? தவணைப் பத்திரம், பிராமிசரி நோட்டு பற்றிய 37ஆம் இனம், கடன் கொடுத்தவர் அந்த உரிமையை விட்டுக்கொடுக்கலாம் என்பதை வெளிப்படையாகச் சொல்கிறது. 136இல் அந்தச் சொற்கள் இல்லை. ஷரத்து கடன் கொடுத்தவரின் நன்மைக்காக எழுதப்பட்டது, எனவே பயன்படுத்துவதும் விடுவதும் அவர் விருப்பம் என்று வாசிப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. இல்லையேல் ஒரு மாதம் பொறுத்துக்கொண்டவர் அந்தப் பொறுமைக்காகவே நட்டப்படுவார். அந்த விருப்பத்தைச் சமரசத்திலேயே எழுதிவிட்டால் வாதத்துக்கு இடமிராது.

4. செக் வழக்குகளின் தனிச் சிக்கல்

மக்கள் நீதிமன்றங்களில் பெருமளவில் முடியும் வழக்குகளில் ஒன்று, மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவின் கீழான செக் வழக்கு. இது குற்றவியல் வழக்கு. சிறை உண்டு என்ற அச்சமே பணத்தைக் கொண்டுவரும் விசை. சமரசம் ஆனதும் அந்த விசை என்னவாகிறது என்பதில் மூன்று வேறு விடைகள் உள்ளன.

உச்ச நீதிமன்றம் 2011 நவம்பரில், கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், செக் வழக்கு மக்கள் நீதிமன்றத்தில் முடிந்து தவணை தவறினால் அந்த முடிவை உரிமையியல் தீர்ப்பாணையாகவே நிறைவேற்றலாம் என்றது. குற்றவியல் நீதிமன்றம் அனுப்பிய வழக்காயிற்றே என்ற ஆட்சேபம் எடுபடவில்லை. கடன் கொடுத்தவருக்கு இது வெற்றி என்று பொதுவாக எழுதப்படுகிறது. பாதி வெற்றி என்பதே என் வாசிப்பு. அவருக்கு ஒரு தீர்ப்பாணை கிடைத்தது; நீதித்துறை நடுவர் முன் நின்றுகொண்டிருந்த குற்றவியல் வழக்கு போய்விட்டது.

டெல்லி உயர் நீதிமன்றம் 2017இல் வேறு கோணத்தில் பார்த்தது. செக் வழக்கின் சமரசத்தைக் குற்றவியல் நீதிமன்றமே பதிவுசெய்து அதன்படி உத்தரவிட்டிருந்தால், தவறிய தொகையைப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 431, 421 பிரிவுகளைக் கொண்டு, அபராதம் வசூலிப்பதுபோல வசூலிக்கலாம் என்றது. பணம் வசூலாகும் வேகத்தைப் பார்த்தால் இந்த வழி மேலானது.

மூன்றாவது, மெட்ராஸ் உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் சென்று 2021 அக்டோபரில் முடிந்த ஜிம்பெக்ஸ் வழக்கு. அதில் முதல் செக்குகள் திரும்பின, வழக்கு வந்தது, சமரசப் பத்திரம் எழுதப்பட்டது, சமரசத்துக்காகக் கொடுத்த செக்குகளும் திரும்பின. இரண்டு தொகுதிக்கும் இரண்டு வழக்கை ஒரே சமயத்தில் நடத்த முடியாது. சமரசம் முதல் வழக்கைத் தன்னுள் வாங்கிக்கொள்கிறது. சமரசம் தவறுவது புதிய வழக்குக் காரணம் என்றது நீதிமன்றம். இதன் நடைமுறைப் பாடம் பெரியது. தவணைக்குச் செக் வாங்கியிருந்தால், அது திரும்பிய செய்தி வந்த முப்பது நாளுக்குள் அறிவிப்பு அனுப்பி, பதினைந்து நாள் பொறுத்து, அடுத்த ஒரு மாதத்துக்குள் புதிய புகார் கொடுக்கலாம். கையில் பணமாகத் தருவதாக எழுதியிருந்தால் அந்த வழியே இல்லை.

இந்த மூன்று விடைகளில் எது தனக்குப் பொருந்தும் என்பதை, மக்கள் நீதிமன்ற அமர்வில் அடுத்த வழக்கு கூப்பிடப்படுவதற்குள் ஒருவர் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. இது நியாயமன்று.

5. கையில் கொடுத்த பணம்

இதுவரை கடன் கொடுத்தவரின் பக்கம் பேசினோம். கடனாளிக்கும் சமரசம் ஒரு பொறி வைத்திருக்கிறது. கட்டளை 21 விதி 2இன்படி, நீதிமன்றத்துக்கு வெளியே செலுத்திய தொகையைத் தீர்ப்பாணைதாரர் நீதிமன்றத்தில் தெரிவித்துப் பதிவுசெய்ய வேண்டும். அவர் செய்யாவிட்டால் கடனாளி மனுக் கொடுத்துப் பதிவுசெய்துகொள்ளலாம். அதற்குக் காலவரையறைச் சட்டத்தின் 125ஆம் இனப்படி முப்பது நாள்தான். பதிவாகாத தொகையை நிறைவேற்றும் நீதிமன்றம் கணக்கில் எடுக்காது. தெரிந்தவர், சொந்தக்காரர், ஒரே ஊர்க்காரர் என்று கையில் கொடுத்து, துண்டுச் சீட்டுகூட வாங்காமல் நான்கு தவணை கட்டியவர், முழுத் தொகைக்கும் ஜப்தி வரும்போது திகைத்து நிற்பார். கட்டினேன் என்று அவர் சொல்வது உண்மையாகவே இருந்தாலும் கேட்க நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை.

நிறைவேற்று மனுவின் படிவத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் இந்த நெருக்கடி கண்ணில் படும். விதி 11(2) கேட்கும் அட்டவணையில் வழக்கு எண், தரப்பினர் பெயர், தீர்ப்பாணைத் தேதி, மேல்முறையீடு உண்டா என்ற கட்டங்களுக்கு அடுத்த கட்டம்: தீர்ப்பாணைக்குப் பின் ஏதேனும் தொகை செலுத்தப்பட்டதா, செலுத்தப்பட்டிருந்தால் எவ்வளவு. அதை நிரப்புபவர் தீர்ப்பாணைதாரரே. கடனாளியின் நான்கு மாத உழைப்பு அந்தக் கட்டத்தில் இன்னொருவர் எழுதும் ஓர் எண்ணைச் சார்ந்திருக்கிறது. எனவேதான் தவணைகளை வங்கிக் கணக்கு வழியாகவோ நீதிமன்றத்தில் செலுத்தியோ கட்ட வேண்டும் என்ற ஷரத்து இரு தரப்புக்கும் தேவை. விதி 1 நீதிமன்ற வைப்பையும், வங்கி வழியாகச் செலுத்துவதையும் ஏற்கிறது.

6. முடியாதவரும் மனமில்லாதவரும்

தவணை தவறியவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. தறி நின்றுபோனவர் உண்டு, வீட்டில் நோய் வந்தவர் உண்டு. பணத்தை மனைவி பெயருக்கு மாற்றிவிட்டு வாய்தா கேட்பவரும் உண்டு. இவர்களைப் பிரித்துப் பார்ப்பதே நிறைவேற்றும் நீதிமன்றத்தின் மையப் பணி. சட்டம் அதற்கான கருவிகளைத் தந்திருக்கிறது.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 51ஆம் பிரிவு, கடனாளியைச் சிறையில் வைக்குமுன் அவருக்கு வசதி இருந்தும் கட்டவில்லை என்று நீதிமன்றம் மனநிறைவு கொள்ள வேண்டும் என்கிறது. 1980இல் கொச்சி வங்கி வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், வறுமைக்காக ஒருவரைச் சிறையில் அடைப்பது அரசமைப்பின் 21ஆம் உறுப்புக்கு முரண் என்று நிலைநாட்டினார். சிறை வைத்தாலும் அதிகபட்சம் மூன்று மாதம். இரண்டாயிரம் ரூபாய்க்கு மேற்படாத கடனுக்குச் சிறையே கிடையாது. அடைபட்டிருக்கும் நாள்களுக்கான உணவுப் படியைத் தீர்ப்பாணைதாரர் கட்ட வேண்டும். 60ஆம் பிரிவின் விலக்குப் பட்டியலில் உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, மத வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத ஆபரணம், கைத்தொழிலாளியின் கருவி எல்லாம் உண்டு. தாலிக்கும் சோற்றுப் பானைக்கும் அமீனா கை வைக்க முடியாது. சம்பளத்தில் முதல் ஆயிரம் ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தொடக் கூடாது. நம் ஈரோட்டுத் தறிக்காரர் தானே உட்கார்ந்து நெய்பவர் என்றால் தறி கருவி. ஆள் வைத்து இருபது தறி ஓட்டுபவர் அதே விலக்கைக் கேட்டால் கிடைப்பது கடினம்.

இந்தப் பாதுகாப்புகளைத் தளர்த்தினால்தான் வசூல் வேகமாகும் என்ற வாதத்தோடு எனக்கு உடன்பாடில்லை. தாமதத்துக்குக் காரணம் பானைக்கும் பாய்க்கும் கிடைத்த விலக்கில்லை. எதிராளியிடம் என்ன இருக்கிறது என்று தீர்ப்பாணைதாரருக்குத் தெரியாததே காரணம். அதைத் தெரிந்துகொள்ளக் கட்டளை 21 விதி 41 இருக்கிறது. பணத் தீர்ப்பாணை முப்பது நாள் நிறைவேறாமல் கிடந்தால், கடனாளி தன் சொத்துகளைப் பட்டியலிட்டுப் பிரமாணப் பத்திரம் கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். கீழ்ப்படியாதவருக்கு மூன்று மாதம்வரை சிறை. முடியாதவரையும் மனமில்லாதவரையும் பிரிக்க இதைவிட நேரான வழி நம் சட்டத்தில் இல்லை. ஆனாலும் நேராகக் கைது மனுவும் ஜப்தி மனுவும் போடுவதே பழக்கமாகிவிட்டது.

நீதிமன்ற அவமதிப்பு என்ற ஆயுதம் பற்றிக் கருத்துகள் பிரிந்திருக்கின்றன. 1979இல் உச்ச நீதிமன்றம், நீதிமன்றத்துக்கு வெளிப்படையான உறுதிமொழி கொடுக்காதவரை, சமரச உத்தரவை மீறுவது மட்டும் அவமதிப்பாகாது என்றது. 2006இல், வேண்டுமென்றே தீர்ப்பாணையை மீறுவதும் அவமதிப்பே, நிறைவேற்று மனுவுக்கு வழி இருப்பது அதற்குத் தடையில்லை என்றது. பணத் தவணையைப் பொறுத்தவரை முதல் அணுகுமுறையே எனக்குப் பாதுகாப்பாகத் தோன்றுகிறது. இல்லாவிட்டால் 51ஆம் பிரிவு கேட்கும் வசதி விசாரணையை அவமதிப்பு மனு தாண்டிப் போய்விடும். உறுதிமொழியைத் தெரிந்தே கொடுத்தவர் கதை வேறு. அதை நம்பித்தான் எதிர்த்தரப்பு மூன்று லட்சத்தை விட்டுக்கொடுத்தது.

7. எழுதும் நாளிலேயே செய்ய வேண்டியவை

முடிந்த வழக்குகளை எண்ணும் முறை, கையெழுத்தான நாளோடு நின்றுவிடுகிறது. தேசிய மக்கள் நீதிமன்றம் நடந்த மறுநாள் எத்தனை வழக்கு தீர்ந்தது, எவ்வளவு தொகைக்கு என்று செய்தி வருகிறது. அதில் எவ்வளவு தொகை உரியவர் கைக்குப் போனது என்று ஓர் ஆண்டு கழித்து அறிவிப்பதில்லை. சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் தவணைச் சமரசங்களைத் தனிப் பதிவேட்டில் வைத்து, கடைசித் தவணைத் தேதி கடந்ததும் இரு தரப்பையும் ஒருமுறை கேட்டால் போதும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை.

இன்னொன்று, விதி 41இன் சொத்துப் பட்டியலை, தவறிய பிறகு கேட்பதைவிட, தவணை கேட்கும் நாளிலேயே சமரசத்தோடு இணைத்து வாங்க வேண்டும். தவணை என்பது சலுகை. சலுகை கேட்பவர் தன் நிலையைத் திறந்து காட்டுவதில் அநியாயம் எதுவுமில்லை. வங்கிக் கணக்கு, வாகனம், நிலத்தின் சர்வே எண், வர வேண்டிய பாக்கிகள் இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கும். தவணை தவறினால் எதை ஜப்தி செய்வது என்று அமீனாவோடு தெருத்தெருவாக அலைய வேண்டியிருக்காது. உண்மையிலேயே ஒன்றும் இல்லாதவர் என்றால், அதுவும் அன்றே தெரிந்துவிடும். அப்போது கடன் கொடுத்தவர் ஆறு லட்சம் என்ற காகிதத்தொகையைக் காட்டிலும், ஜாமீன்தாரரோடு வரும் நான்கு லட்சத்தை ஏற்கலாம்.

2023ஆம் ஆண்டின் மத்தியஸ்தச் சட்டம், நீதிமன்றத்துக்கு வராமலே செய்துகொள்ளும் மத்தியஸ்த உடன்பாட்டுக்கும் தீர்ப்பாணையின் பலத்தைக் கொடுக்கிறது. 27ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. அந்த ஆண்டு அக்டோபரில் சட்டத்தின் சில பிரிவுகள் மட்டும் நடைமுறைக்கு அறிவிக்கப்பட்டபோது 27 அவற்றில் இடம்பெறவில்லை. அது முழுவீச்சில் செயல்படும்போது, எந்த நீதிபதியும் வாசித்துப் பார்த்திராத தவணை உடன்பாடுகள் நிறைவேற்றும் நீதிமன்றங்களுக்கு வரும். தவறினால் என்ன என்ற ஷரத்து, பிந்தைய வட்டி, பணம் செலுத்தும் கணக்கு, சொத்துப் பட்டியல் ஆகிய நான்கும் இல்லாத பண உடன்பாட்டை மத்தியஸ்தர் சான்றளிக்கக் கூடாது என்று அச்சட்டத்தின் கீழ் வரும் ஒழுங்குமுறைகளில் இப்போதே எழுதிவிட வேண்டும்.